போதுமான அளவு வருந்தாதவர்

மறுவாழ்வு நடுவத்துக்கு மாத்திரை வாங்க வருகிறவர்கள் பாதியிலேயே நின்றுவிடுகிறார்கள் என்பது நடுவத்துக்குப் பெரிய தலைவலியாக இருந்தது. வைத்தியம் என்னவோ சுலபம்தான். ஊசியையும் பொடியையும் விட்டுவிட்டு, தினமும் காலையில் ஜன்னலுக்கு வந்து, ஒரு மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துக் கரைத்துவிட்டுப் போகவேண்டும். ஆனால் வருகிறவர்கள் கொஞ்ச காலம் ஒழுங்காக வருவார்கள், பிறகு ஒருநாள் காணாமல் போய்விடுவார்கள். ஏன் போகிறார்கள் என்று கண்டுபிடிக்க ஒரு குழு போட்டார்கள். குழுவுக்கு ஒரு குளிரூட்டிய அறையும், அந்த அறைக்கு ஒரு பெயர்ப்பலகையும் கொடுத்தார்கள்.

வரிசையில் நிற்பவர்களைக் குழு கேட்கவில்லை என்று சொல்லமுடியாது. கேட்டது. ஜன்னல் பத்து மணிக்குத்தான் திறக்கிறது, வேலைக்கு எட்டு மணிக்கே போகவேண்டியிருக்கிறது என்றார்கள். நிற்கிற இடத்தில் கூரை இல்லை என்றார்கள். காவலாளி எல்லோரையும் "ஏய் ஊசி, தள்ளி நில்லு" என்று தெருவுக்கே கேட்கும்படி கூப்பிடுகிறார் என்றார்கள். குழு எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டது. பிறகு, இவையெல்லாம் வெளிக்காரணங்கள், நாமோ உளவியல் காரணிகள் பிரிவு, ஆகவே மனசுக்குள் இருக்கிற காரணமாக ஒன்று வேண்டும் என்று முடிவு செய்தது. கூரை போடுவது கட்டடப் பிரிவின் வேலை. நடுவத்தில் கட்டடப் பிரிவு கிடையாது.

மனசுக்குள் இருக்கிற காரணம் அகப்படாமல் குழு திண்டாடிக்கொண்டிருந்த சமயத்தில்தான் நம் டைல்ஸ்காரர் சிரித்துத் தொலைத்தார்.

டைல்ஸ்காரர் வீடுகளுக்குத் தரை போடுகிறவர். வருஷக்கணக்காக முட்டி போட்டுக் குனிந்தே வேலை செய்ததில் முதுகு போய்விட்டது. வலிக்கு மாத்திரை போட்டார். மாத்திரை பத்தாமல் ஊசி, ஊசி பத்தாமல் அதற்கும் மேலே ஒன்று. கடைசியில் வலி எது, மருந்து எது என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியாமல் போயிற்று. இப்போது சில மாதங்களாக ஒருநாள் விடாமல் ஜன்னலுக்கு வந்துகொண்டிருந்தார். ராத்திரி தூக்கம் வந்தது. சட்டையை இஸ்திரி போட்டுப் போட்டுக்கொண்டார். தாமதமாக வருவதற்கு மேஸ்திரி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாலும், கை நடுக்கம் நின்றுவிட்டதைப் பார்த்து ஒரு குளியலறை முழுவதையும் அவரிடம் விட்டார்.

சிரிப்புக்குக் காரணம் அவருக்கு முன்னால் நின்ற 'பார்சல்'. கூரியர் கம்பெனியில் வண்டி ஓட்டுகிறவன் என்பதால் அவனுக்கு அந்தப் பெயர். அன்றைக்குக் காவலாளி அளவுக்கு மீறிக் கத்திக்கொண்டிருந்தார். பார்சல் திரும்பி, "அண்ணே, இந்த ஆள பெறுநர் இல்லைன்னு எழுதி, அனுப்புனவங்களுக்கே திருப்பி அனுப்பிடலாமா?" என்று கேட்டான். டைல்ஸ்காரர் சத்தமாகச் சிரித்துவிட்டார்.

மாடி ஜன்னலில் தேநீர்க் கோப்பையோடு நின்றிருந்த நடுவத்தின் இயக்குநர் அதைப் பார்த்தார். பார்த்தவர் கோப்பையைக்கூட வைக்காமல் குழு அறைக்குள் நுழைந்தார்.

"கண்டுபிடிச்சுட்டேன்," என்றார். "கீழே ஒரு நோயாளி சிரிக்கிறான். உடம்பைக் கெடுத்தவன், குடும்பத்தைக் கெடுத்தவன், நம்ம வாசல்ல நின்னு சிரிக்கிறான். அப்படின்னா என்ன அர்த்தம்? உள்ள உறுத்தல. உறுத்தாதவன் நாளைக்கு எப்படி மருந்துக்கு வருவான்? குற்றவுணர்வு பத்தாததுதான் நோய். மத்ததெல்லாம் அறிகுறி."

சிரித்தவர் சில மாதங்களாக ஒருநாள்கூடத் தவறாமல் வருகிறவர் என்பதை ஜன்னலில் மாத்திரை கொடுக்கிற கம்பவுண்டர் எடுத்துச் சொன்னார். அது புள்ளிவிவரப் பிழையாக இருக்கும் என்று குழு சமாதானப்படுத்தியது.

அடுத்த வாரமே குற்றவுணர்வு அளவெடுப்பு தொடங்கியது. முழு மதிப்பெண் நூறு. மாத்திரை கரைகிற நேரம் வீணாகத்தானே போகிறது என்று யாரோ யோசனை சொல்ல, அந்த நேரத்தையே அளவெடுப்புக்கு ஒதுக்கினார்கள். டைல்ஸ்காரர் மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்த கையோடு உளவியல் பிரிவின் ஆலோசகர் அம்மாவின் எதிரில் உட்கார வைக்கப்பட்டார். கம்பவுண்டர் பக்கத்தில் நின்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கரையும்வரை வாயைத் திறக்கக்கூடாது, விழுங்கக்கூடாது. திறந்தால் மருந்தை மறுத்ததாக எழுதவேண்டும். அது நடுவத்தின் பழைய விதி.

"உங்க குடும்பத்துக்குச் செஞ்சது தப்புன்னு தோணுதா?" என்று ஆலோசகர் கேட்டார்.

டைல்ஸ்காரர் தலையை வேகமாக ஆட்டினார்.

"தலையாட்டக் கூடாது. வாய் தொறந்து சொல்லணும். தலையாட்டலுக்கு மார்க் இல்ல."

"வாயத் தொறந்தா மருந்த மறுத்த மாதிரி ஆயிடும் மேடம்," என்றார் கம்பவுண்டர்.

"அது உங்க விதி. நான் உளவியல் பிரிவு." ஆலோசகர் குனிந்து எழுதினார். "மௌனம். எதிர்ப்பு மனநிலை. சரி, அடுத்த கேள்வி. நீங்க செஞ்சதுலயே எது உங்கள ரொம்ப வாட்டுது? விளக்கமா சொல்லுங்க."

டைல்ஸ்காரர் ஆலோசகரைப் பார்த்தார், கம்பவுண்டரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். வாய்க்குள் மாத்திரை கசந்துகொண்டு கரைந்தது. எட்டுக் கேள்வி கேட்டார்கள். எட்டுக்கும் மௌனம். ஒருவழியாக மாத்திரை கரைந்து முடிந்து, அவர் வாயைத் துடைத்துக்கொண்டு, "மேடம், நான் சொல்றேன்..." என்று ஆரம்பித்தபோது, "நேரம் முடிஞ்சது. அடுத்தவர வரச்சொல்லுங்க," என்றார் ஆலோசகர்.

மாத்திரை போனாலும் போகட்டும் என்று வாயைத் திறந்துவிட்ட மற்றவர்களுக்கு ஏதோ கொஞ்சம் கிடைத்தது, டைல்ஸ்காரருக்குப் பூஜ்யம் வந்தது. நூற்றுக்குப் பூஜ்யம் வாங்கியவர் அவர் ஒருவர்தான் என்று இயக்குநரே கீழே இறங்கிவந்து பார்த்துவிட்டுப் போனார். குறிப்பில், 'நன்றாகத் தூங்குகிறார், எடை கூடியிருக்கிறது, சட்டை இஸ்திரி போட்டிருக்கிறார்: குற்றவுணர்வுக் குறைபாட்டின் முற்றிய அறிகுறிகள்' என்று எழுதினார்கள்.

உண்மையில் அவருக்கு அது குறைவாக இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள், பள்ளிக்கூடம் விட்டதும் மகளைக் கூட்டிவர வேண்டியவர் வழியில் வேறொரு இடத்துக்குப் போய்விட்டார். போன இடத்தில் நேரம் போனது தெரியவில்லை, மகள் ஒருத்தி இருப்பதும் தெரியவில்லை. ஏழு வயசுக் குழந்தை கேட்டுக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்திருந்தாள். இருட்டின பிறகு பள்ளிக்கூட வாட்ச்மேன் வீட்டுக்குக் கூட்டிவந்து விட்டார். அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. அதற்குப் பிறகு அப்பாவிடம் எதுவும் கேட்பதை மட்டும் நிறுத்திவிட்டாள். பென்சில் சீவித் தரச்சொல்லிக்கூட அம்மாவிடம்தான் போவாள். தரையில் டைல்ஸை வைத்து மட்டம் பார்க்கும்போதெல்லாம் டைல்ஸ்காரருக்கு அந்தப் படி ஞாபகத்துக்கு வரும். வந்தால் வேலை ஓடாது. அதனால் அதை மனசுக்கு அடியில் தள்ளிவிட்டு வேலையைப் பார்ப்பார். வேலை செய்தால் பசி வந்தது, பசி வந்தால் தூக்கம் வந்தது, தூக்கம் வந்தால் மறுநாள் ஜன்னலுக்கு வர முடிந்தது. அவருக்குத் தெரிந்த வைத்தியம் அவ்வளவுதான்.

நூற்றுக்கு ஐம்பதுக்குக் கீழே வாங்கியவர்களுக்கு உறுத்தல் வகுப்பு கட்டாயம் என்றார்கள். வகுப்புக்கு வராவிட்டால் மாத்திரை கிடையாது. ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர் ஒருவர் வகுப்பெடுத்தார். தோள் இரண்டும் எவ்வளவு தொங்கவேண்டும், கண் எந்த டைல்ஸைப் பார்க்கவேண்டும், பெருமூச்சை எங்கே ஆரம்பித்து எங்கே விடவேண்டும் என்று விசில் ஊதிச் சொல்லிக்கொடுத்தார். டைல்ஸ்காரர் எழுந்து நடந்ததும் ஆசிரியர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார்.

"எல்லாரும் இங்க பாருங்க! முதுகப் பாருங்க! எவ்வளவு பாரம் அந்த முதுகுல!"

"அது டிஸ்க் சார்," என்றார் டைல்ஸ்காரர்.

"பேசாதீங்க, நல்லா வந்துட்டிருக்கு."

முதுகுக்கு மட்டும் முப்பது மதிப்பெண் கிடைத்தது. பார்சலுக்குத்தான் ஒன்றும் வரவில்லை. பாவம், அவன் முகவாகு அப்படி. உதட்டைக் கீழே இழுத்தால் கண் சிரித்துவிடும். ஒவ்வொரு முறை சிரிப்பு வந்தபோதும் அவனை வரிசையின் கடைசிக்கு அனுப்பினார்கள். கடைசியில் நின்றால் ஜன்னலை அடைய மதியம் ஆகும். கூரியர் கம்பெனி இரண்டு வாரம் பார்த்தது, பிறகு வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டது. சாவி போன மறுநாளிலிருந்து பார்சல் வரிசைக்கும் வரவில்லை.

அவன் ஒருவன்தான் என்றில்லை. தையற்கடை வைத்திருந்தவர் நின்றுவிட்டார், காலேஜில் படித்துக்கொண்டிருந்த பெண் நின்றுவிட்டாள். மாத இறுதியில் பார்த்தால் வரிசை பாதியாகியிருந்தது. இயக்குநர் எல்லோரையும் கூட்டி வைத்துப் பேசினார்.

"சிலர் நின்னுட்டாங்க. ஏன் நின்னாங்க? குற்றவுணர்வு வந்துடுச்சு. நம்ம முகத்துல முழிக்க வெட்கப்பட்டுட்டு வரல. போன மாசம்வரைக்கும் வெட்கமே இல்லாம தினமும் வந்துட்டிருந்தவங்க இவங்க. அப்ப யார் ஜெயிச்சது? நாமதான். இன்னும் இங்க உக்காந்திருக்கீங்களே, உங்களப் பார்த்தாதான் எனக்குக் கவலையா இருக்கு."

கைதட்டச் சொன்னார்கள். தட்டினார்கள். டைல்ஸ்காரரும் தட்டினார். தட்டும்போதே, பார்சலைப் போய்ப் பார்க்கவேண்டும், அவன் வீடு எங்கேயென்று யாரிடமாவது கேட்கவேண்டும் என்று நினைத்தார். கேட்கவில்லை. கேட்டால் அவன் எங்கே இருக்கிறான் என்று தெரிந்துவிடும், தெரிந்தால் அங்கே போகவேண்டியிருக்கும், அங்கே போனால் திரும்பி வருவோமா என்று அவருக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயமும் உறுத்தியது. அதற்கு நடுவத்தில் மதிப்பெண் கிடையாது.

குடும்ப அமர்வுக்கு அவர் மனைவியை வரச்சொன்னார்கள். அவள் பேக்கிங் கம்பெனியில் வேலை செய்கிறாள். அரைநாள் விடுப்பு எடுத்து, கையில் ஒட்டியிருந்த டேப்பைப் பிய்த்துக்கொண்டே வந்து உட்கார்ந்தாள். கணவர் செய்த கெடுதல்களை வரிசையாகச் சொல்லும்படி இயக்குநர் கேட்டுக்கொண்டார்.

"எதுக்குங்க?" என்றாள்.

"அவருக்கு உறுத்தணும்மா. உறுத்தினாதான் ஒழுங்கா மருந்துக்கு வருவாரு."

"சார், தப்பா நினைக்காதீங்க. இவர் உறுத்தி அழுத நாளெல்லாம் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. என் கால்ல விழுந்து அழுவாரு, குழந்தை கால்ல விழுவாரு, தலையில அடிச்சுக்குவாரு. அன்னைக்கு ராத்திரியே காணாமப் போயிடுவாரு. அவ்வளவு வெக்கத்த வச்சுக்கிட்டு வீட்டுல உக்கார முடியாதில்ல, அதுக்கும் அந்த ஊசிதான் மருந்து. இப்ப கொஞ்ச நாளாதான் அழாம இருக்காரு. காலையில எந்திரிக்கிறாரு, குளிக்கிறாரு, இங்க வர்றாரு, வேலைக்குப் போறாரு. தயவுசெஞ்சு அழ வைக்காதீங்க."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அம்மா, நீங்க பேசுறதப் பார்த்தா இவர மன்னிச்சிட்டீங்கன்னு தோணுது. அது ரொம்ப ஆபத்து. மன்னிக்கிறதுக்கு ஒரு படிநிலை இருக்கு. நாங்க சொல்லாம நீங்களா மன்னிக்கக்கூடாது."

"நான் மன்னிச்சேன்னு யாரு சொன்னா?" என்றாள் அவள். "நான் பார்த்துட்டிருக்கேன்."

அன்று மாலை வீட்டுக்குத் திரும்பும்போது பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு அவளே பேச்செடுத்தாள். கம்பெனியில் அவளுக்கு ஷிஃப்ட் மாற்றிவிட்டார்கள். வருகிற திங்கட்கிழமையிலிருந்து மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவர அவளால் முடியாது. பக்கத்து வீட்டுக்காரியைக் கேட்கலாம் என்று நினைத்தாளாம், பிறகு கேட்கவில்லையாம்.

"நீங்க போங்க," என்றாள். "நாலு மணிக்கு விடுவாங்க. நாலுன்னா நாலு. இன்னொரு தடவை அவ அந்தப் படியில உக்காந்தான்னா, அப்புறம் நான் பார்க்கறதுக்கு ஒண்ணும் இல்ல. புரியுதா?"

டைல்ஸ்காரருக்குப் புரிந்தது. மேஸ்திரியிடம் சொல்லி மூன்றரைக்கே கிளம்ப அனுமதி வாங்கினார். வேலை முடிந்து ஒருநாள் பள்ளிக்கூடம்வரை நடந்துபோய், எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்துவிட்டும் வந்தார்.

அந்தத் திங்கட்கிழமையன்றுதான் நடுவம் வருத்த விழா வைத்தது. நடுவத்துக்கு நிதி தருகிற அறக்கட்டளையிலிருந்து சிறப்பு விருந்தினர் வருகிறார், குற்றவுணர்வுத் திட்டத்தை நேரில் பார்க்கப்போகிறார் என்றார்கள். மேடை போடுவதற்காக முந்தின நாளே ஜன்னலை மூடிவிட்டார்கள். ஒருநாள் மாத்திரை இல்லாவிட்டால் குடி முழுகிவிடாது, அதையும் நினைத்து வருந்துங்கள் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை மாத்திரை கிடைக்கவில்லை என்பதை டைல்ஸ்காரர் மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால் திங்கட்கிழமைப் பொறுப்பை அவரிடமிருந்து எடுத்துவிடுவாளோ என்று பயந்தார். "போட்டாச்சு" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கும் ஜன்னல் திறக்கவில்லை. கம்பவுண்டர் நாற்காலி தூக்கிக்கொண்டிருந்தார்.

"விழா முடிஞ்சதும் எல்லாருக்கும் மாத்திரை. வராதவங்க பேர எடுத்துருவாங்க," என்றார். அவருக்கே சொல்லக் கூச்சமாகத்தான் இருந்தது, பாவம். "பதினோரு மணிக்கு ஆரம்பிச்சா ஒரு மணிக்கு முடிஞ்சுடும்."

டைல்ஸ்காரர் இயக்குநரைத் தேடிப்பிடித்து, நாலு மணிக்குள் தாம் போயாகவேண்டும் என்று சொன்னார்.

"தாராளமா போகலாம். உங்க பேரு பேச்சாளர் பட்டியல்ல இருக்கு. பேசினதும் போங்க," என்று இயக்குநர் அவர் தோளைத் தட்டினார். "முதுகு இப்படியே இருக்கட்டும்."

சிறப்பு விருந்தினர் இரண்டரை மணிக்கு வந்தார். அதற்குள் மண்டபத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் இரண்டு நாளாக மாத்திரை இல்லாமல் கிடந்தார்கள். மாத்திரை நின்றால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்களுக்கு அந்த மண்டபத்தைப் பார்த்தவுடனே தெரிந்திருக்கும். எல்லோர் கண்ணிலும் நீர் வழிந்தது. மூக்கு ஒழுகியது. கொட்டாவி கொட்டாவியாக வந்தது. குளிர் இல்லாமலேயே கை மயிர் சிலிர்த்து நின்றது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிலர் முன்னால் குனிந்துவிட்டார்கள். விருந்தினர் மேடையேறித் திரும்பிப் பார்த்தார்.

"இத்தனை பேர் அழுகிறார்களா?" என்றார் இயக்குநரிடம்.

இயக்குநரும் அப்போதுதான் பார்த்தார். அவருக்கே கொஞ்சம் ஆச்சரியம்தான். ஆனால் ஆச்சரியத்தை வெளியே காட்டிக்கொண்டு ஒருவர் இயக்குநர் ஆகமுடியாது.

"எங்களோட இத்தனை நாள் உழைப்பு சார்," என்றார்.

"அதோ, அந்த மூலையில் ஒருவர் வாயைப் பிளந்து கதறுகிறாரே."

"ஆமா சார். சத்தமே வராம கதறுவாரு. ரொம்ப ஆழமான வருத்தம்."

கொட்டாவி விட்டவர் வாயை மூடிக்கொண்டார். மறுபடியும் வந்தது, மறுபடியும் பிளந்தார். விருந்தினர் கைக்குட்டையை எடுத்துத் தம் கண்ணையும் துடைத்துக்கொண்டார். கம்பவுண்டர் மேடைக்குப் பக்கவாட்டில் வந்து, "சார், இது வந்து... மாத்திரை..." என்று இழுத்தார். இயக்குநர் அவரைக் குடிதண்ணீர் கொண்டுவர அனுப்பிவிட்டார்.

வரவேற்புரையும் திட்ட விளக்கவுரையும் முடிந்து டைல்ஸ்காரரைக் கூப்பிட்டபோது மணி மூன்றரையைத் தாண்டியிருந்தது. அவருக்கு எலும்பெல்லாம் குடைந்தது. சீக்கிரம் பேசிவிட்டால் மாத்திரை வாங்கிக்கொண்டு ஓடிவிடலாம், வேறு எதைச் சொன்னாலும் இவர்கள் விடமாட்டார்கள், பெரிய வருத்தமாக ஒன்றைச் சொல்லிவிட்டால் உடனே அனுப்பிவிடுவார்கள் என்று கணக்குப் போட்டார். அவரிடம் பெரியது ஒன்றுதான் இருந்தது. யாரிடமும் சொல்லக்கூடாது என்று வைத்திருந்த அதையே மைக்கில் சொன்னார்.

"எம் பொண்ணக் கூட்டிட்டு வரப் போகவேண்டியவன் போகல. பள்ளிக்கூட கேட்டுகிட்ட உக்காந்திருந்தா. இருட்டற வரைக்கும் உக்காந்திருந்தா. அது தப்பு. அவ்வளவுதாங்க."

விருந்தினர் முன்னால் சாய்ந்தார்.

"அவசரப்படாதீர்கள். நன்றாகச் சொல்லுங்கள். அவள் எதன்மேல் உட்கார்ந்திருந்தாள்?"

"படிமேல சார்."

"என்ன சட்டை போட்டிருந்தாள்?"

"யூனிஃபார்ம் சார். சார், மணி..."

"அவள் உங்களைப் பார்த்ததும் என்ன சொன்னாள்?"

"ஒண்ணும் சொல்லல சார். சார், மணி நாலாயிடுச்சு. எம் பொண்ணு அங்க நிக்கிறா. நான் போகணும். கேட்ட மூடிருவாங்க. அவ தனியா நிக்கிறா சார்!"

அவர் குரல் உடைந்துவிட்டது. இயக்குநர் மைக்கைக் கையில் வாங்கிக்கொண்டார்.

"கவனிச்சீங்களா! இரண்டு வருஷம் ஆச்சு. இன்னும் அந்தக் கேட்டுலயே நிக்கிறாரு. அந்த நாலு மணியிலயே வாழறாரு! பூஜ்யத்துல ஆரம்பிச்ச மனுஷன் இவர்!"

கைதட்டல் எழுந்தது. "இன்னிக்கு சார், இன்னிக்கு நிக்கிறா," என்று டைல்ஸ்காரர் மைக் இல்லாமல் கத்தினார். கைதட்டல் இன்னும் பலமாயிற்று. அவர் மேடையிலிருந்து குதித்தார். மாத்திரையை அவர் மறக்கவில்லை. மூடிக்கிடந்த ஜன்னல் பக்கம் ஒருதரம் ஓடி, அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, திரும்பித் தெருவுக்கு ஓடினார். "போகட்டும் விடுங்க, ஓடுறது நல்ல அறிகுறி" என்று பின்னால் இயக்குநரின் குரல் கேட்டது. தெருமுனை திரும்பும்போது ஒலிபெருக்கியில் சிறப்பு விருந்தினர் பேசிக்கொண்டிருந்தார். மருந்தைத் தாமதப்படுத்தினால் வருத்தம் பெருகுகிறது, இன்று தாம் கண்ட கண்ணீருக்கு அதுவே காரணம் என்று இயக்குநர் இப்போதுதான் தமக்கு விளக்கினார், இந்த அரிய கண்டுபிடிப்பை வரவேற்கிறோம், எனவே நாளை முதல் மாத்திரை ஜன்னல் காலையில் திறக்காது, மாலை நான்கு மணிக்குத் திறக்கும், அளவெடுப்பு முடிந்தபின் ஐந்து மணிக்கு மூடப்படும் என்றார். கைதட்டல் அடுத்த தெருவரை கேட்டது.

பள்ளிக்கூடத்துக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது தெருவில் ஒரு குழந்தையும் இல்லை. கேட்டு மூடியிருந்தது. மகள் படியில் உட்கார்ந்து, மடியில் புத்தகப்பையை வைத்து, அதன்மேல் நோட்டை வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் நோட்டை மூடினாள்.

"நீ லேட்டாதான் வருவேன்னு தெரியும்ப்பா," என்றாள். "அதான் வீட்டுப்பாடத்த முடிச்சுட்டேன்."

அவள் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு. பையை வாங்கிக்கொண்டு கையைப் பிடித்தார்.

"உன் கையெல்லாம் ஈரமா இருக்கு," என்றாள்.

மெக்கானிக் கொட்டகை வழியாகப் போனால் வீடு பக்கம். அங்கேதான் ஊசியும் பொடியும் கிடைக்கும் என்பதால் அந்த வழியை அவர் மாதக்கணக்கில் தவிர்த்துவந்தார். இன்றைக்குக் கால் தானாகவே அந்தப் பக்கம் திரும்பியது. கொட்டகை ஓரத்தில் பழைய டயர்கள்மேல் பார்சல் உட்கார்ந்திருந்தான். இளைத்துப் போயிருந்தான். டைல்ஸ்காரரைப் பார்த்ததும் கையைத் தூக்கி, வாங்க என்பதுபோல ஆட்டினான். முகத்தில் சிரிப்பு இல்லை. நடுவத்தில் பார்த்திருந்தால் நூற்றுக்கு நூறு போட்டிருப்பார்கள்.

"யாருப்பா அது?" என்று மகள் கேட்டாள்.

"தெரிஞ்சவரு."

"கூப்பிடுறாரே."

டைல்ஸ்காரர் அப்படியே நின்றார். ஒரு நிமிஷம் இங்கேயே நில்லும்மா, இதோ வந்துடுறேன் என்று சொல்ல வாய்வரைக்கும் வந்துவிட்டது. அந்த வார்த்தை வாய்க்கு வந்ததை நினைத்து அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. பார்சலிடம் ஒரு வார்த்தைகூடப் பேசாமல், அவனை ஏறெடுத்துப் பார்க்கவும் மாட்டாமல், மகளை இழுத்துக்கொண்டு வேகமாக நடந்தார். பின்னால் அவன் கூப்பிடுகிறானா என்று காது மட்டும் கேட்டுக்கொண்டே வந்தது. அவன் கூப்பிடவில்லை.

ஷிஃப்ட் முடிந்து வந்த மனைவி செருப்பைக் கழற்றும்போதே அவர் முகத்தைப் பார்த்துவிட்டாள். கண்ணையும் மூக்கையும் பார்த்தபிறகு அவளுக்குக் கேட்கவேண்டியது அதிகமில்லை.

"மாத்திரை போடல."

"இல்ல."

"நேத்தும் போடல."

"இல்ல. மூடிட்டாங்க. சொன்னா நீ பயப்படுவேன்னு..."

"இன்னைக்கு ஏன் தரல?"

"மன்னிப்புக் கேக்கச் சொன்னாங்க. மேடையேறிக் கேட்டுட்டிருந்தேன். அதுலதான் லேட்டு."

"யார்கிட்ட கேட்டீங்க?"

டைல்ஸ்காரர் யோசித்துப் பார்த்தார். சிறப்பு விருந்தினரிடம் கேட்டிருந்தார். இயக்குநரிடம், ஆலோசகர் அம்மாவிடம், உடற்பயிற்சி ஆசிரியரிடம், கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரிடமும் கேட்டிருந்தார்.

"எல்லார்கிட்டயும்," என்றார்.

"என்கிட்ட கேக்கலையேப்பா," என்றாள் மகள். குற்றம் சொல்வதுபோல அவள் சொல்லவில்லை. விட்டுப்போன ஒன்றை ஞாபகப்படுத்துவதுபோலத்தான் சொன்னாள்.

அவர் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்தார். அவள் முகம் அவர் முகத்துக்கு நேராக இருந்தது. இவ்வளவு நாள் வகுப்பில் சொல்லிக்கொடுத்த எதுவும் உதவவில்லை.

"அன்னைக்கும் வரல. இன்னைக்கும் லேட்டு. தப்பும்மா. மன்னிச்சுடு."

அவர் மனைவி கதவோரத்தில் நின்று இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி," என்றாள் மகள். "நாளைக்கு லேட் பண்ணாத. நாலு மணிக்குக் கரெக்டா வந்துடு. வருவியா?"

"வர்றேன்," என்றார் டைல்ஸ்காரர். ஜன்னலும் நாளையிலிருந்து நாலு மணிக்குத்தான் திறக்கிறது என்பதை அவர் இரண்டு பேரிடமும் சொல்லவில்லை.